ஆபரேஷன் முடிந்தது, இனி மலை ஏற வேண்டும்: அப்பா அம்மாவின் உடம்பு தேறக் கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீலகிரியில் ஒரு வீட்டில் பெரிய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் அது கோவையில்தான் நடக்கும். பைபாஸ், குடல், கர்ப்பப்பை, இடுப்பு எலும்பு, எதுவானாலும் "கீழே கூட்டிப் போயிருக்கிறோம்" என்றுதான் சொல்வோம். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புதிய கட்டடம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு கொஞ்சம் மாறி வருகிறது என்றாலும், பெரிய சிகிச்சைக்கு மேட்டுப்பாளையம் இறங்கிப் போகும் குடும்பங்கள் இன்னும் நிறைய. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ டாக்டர் வந்து "நாளைக்குக் கூட்டிப் போகலாம்" என்று சொல்லும்போதுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. அம்மாவால் தானாக எழுந்து உட்கார முடியவில்லை, இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரியில் ஏதேதோ பேசுகிறார், இந்த நிலையில் எப்படி அனுப்புகிறார்கள்? பெட் காலியாக வேண்டும் என்று துரத்துகிறார்களா?

பெரும்பாலும் அப்படி இல்லை. டிஸ்சார்ஜ் என்பது குணமான நாள் கிடையாது. நர்ஸ்கள் செய்துகொண்டிருந்த வேலை வீட்டு ஆட்களின் கைக்கு வரும் நாள் அது. அந்த வேலை என்னென்ன, அதை எப்படிக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. மலையில் வீடு இருப்பவர்களுக்கு அதோடு மலைப்பாதை, உயரம், குளிர் மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெரிய ஆபரேஷன் உடம்பை என்ன செய்கிறது

உடம்புக்கு ஆபரேஷனும் ஒரு பெரிய காயம்தான். கத்தி டாக்டர் கையில் இருந்ததா, விபத்தில் பட்டதா என்று அதற்குத் தெரியாது. காயத்தை ஆற்றுவதற்காக அது தன் சொந்தத் தசையையே கரைத்துப் புரதம் எடுக்கும், உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், சர்க்கரை அளவை ஏற்றும். சர்க்கரை நோயே இல்லாதவருக்குக்கூட ஆபரேஷன் முடிந்த சில நாட்கள் அளவு கூடுதலாகக் காட்டுவதற்கு இதுதான் காரணம். கால் வீங்குவதும், நான்கு அடி நடந்ததும் களைத்துப் போவதும் இதில் சேர்ந்ததுதான்.

நுரையீரலில் நடப்பது வேறு. மயக்க மருந்தில் மல்லாந்து படுத்திருந்த நேரத்தில் நுரையீரலின் அடிப்பகுதிக் காற்றறைகள் சுருங்கிவிடும். பிறகு வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் அவை திறக்கவே திறக்காது. அங்கே சளி தேங்கும், தேங்கிய சளியில் நிமோனியா வரும். குடலும் ஓரிரு நாள் வேலைநிறுத்தம் செய்வதுபோல நின்றுவிடும். அதனால்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் "காற்று பிரிந்ததா?" என்று கேட்கிறார். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார், ஆனால் குடல் விழித்துக்கொண்டது என்பதற்கு அது ஒரு நல்ல அடையாளம், அதனால் கூட இருப்பவர் கேட்டுத் தெரிந்துகொண்டு சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, ரத்தம். அசையாமல் படுத்திருந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: "பெரிய ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அசையாமல் படுங்கள்" என்று பாசத்தில் சொல்கிறோமே, அதுதான் கெடுதல். டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்து, சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்து, சீக்கிரம் சாப்பிடவைத்து, வலியை நன்றாக அடக்கி, தேவையில்லாத டியூப்களைச் சீக்கிரம் எடுத்தால் நோயாளி வேகமாகத் தேறுகிறார் என்று காட்டினார். இன்று ஆபரேஷன் முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து கட்டிலிலிருந்து இறக்குவதற்கும், ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்புவதற்கும் பின்னால் இருக்கும் காரணம் இது.

வார்டில் கூட இருப்பவர் செய்ய வேண்டிய நான்கு வேலை

1. பந்து ஊதும் கருவி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அந்தப் பேரிலேயே தப்பு இருக்கிறது. மூன்று அறை, மூன்று பந்து உள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பெரும்பாலான அப்பாக்கள் முதல் நாள் பலமாக ஊதுவார்கள், பந்து அசையாது, "இது ரிப்பேர்" என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். உட்காரவைத்து, முதலில் மூச்சை முழுக்க வெளியே விடச் சொல்லி, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஜூஸை உறிஞ்சுவதுபோல மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். பந்து மேலே போனதும் இரண்டு மூன்று விநாடி அங்கேயே நிறுத்த வேண்டும். எத்தனை பந்து ஏறுகிறது என்பதைவிட எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை. உங்கள் டாக்டர் வேறு கணக்கு சொல்லியிருந்தால் அதன்படி.

2. இருமல். நெஞ்சிலோ வயிற்றிலோ தையல் இருந்தால் இருமப் பயப்படுவார்கள். சின்னத் தலையணையையோ மடித்த துண்டையோ தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி குறையும். சளி வெளியே வரட்டும்.

3. எழுந்திருப்பது. மல்லாந்த நிலையிலிருந்து நேராகத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, வயிற்றுத் தசை முழுக்க இழுபடும். முட்டியை மடக்கி, ஒருக்களித்து, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் உடனே நிற்கவைக்காதீர்கள், சில நிமிடம் உட்காரட்டும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும். பைபாஸ் செய்தவர் என்றால் கையை ஊன்றவே கூடாது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கவும் கூடாது: பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு சேர 2 முதல் 3 மாதம் ஆகும். இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்றால் எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதை பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்த பிறகுதான்.

4. நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது, எத்தனை மணிக்கு வலி மாத்திரை, எத்தனை அடி நடந்தார், காய்ச்சல் எவ்வளவு. ராத்திரி அண்ணன், பகலில் தங்கை என்று ஆள் மாறி மாறி இருக்கும்போது இந்த நோட்டுதான் தொடர்ச்சி. டாக்டர் ரவுண்ட்ஸில் நம் கட்டிலுக்கு முன்னால் நிற்பது சில நிமிடம்தான், "பரவாயில்லை சார்" என்று சொல்வதற்கும் "நேற்று மதியத்திலிருந்து சிறுநீர் குறைந்துவிட்டது சார்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

வலியைப் பற்றி ஒன்று. நம் பெற்றோர்கள் வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைப்பவர்கள், தேயிலைக் கூடையைச் சுமந்து பழகிய உடம்பு. "வலிக்குதா?" என்றால் "இல்லை" என்பார்கள். அப்படிக் கேட்காமல், "ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா, இரும முடிகிறதா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் வலி அடங்கவில்லை என்று அர்த்தம், நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

ராத்திரியில் உளறுவது

வீட்டு ஆட்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பகலில் தெளிவாகப் பேசிய அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு டிரிப்ஸைப் பிடுங்குகிறார், இறந்துபோன பெரியப்பா வந்து நிற்பதாகச் சொல்கிறார், மகளையே யாரென்று கேட்கிறார். காற்று கருப்பு என்று சிலர் மந்திரிக்கப் போகிறார்கள், மூளை பாதித்துவிட்டது என்று சிலர் அழுகிறார்கள். இரண்டும் இல்லை. டெலிரியம் என்று டாக்டர்கள் சொல்லும் தற்காலிகக் குழப்பம் இது, வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவது. பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்கும் ஆகும்.

ஆனால் "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. நோய்த்தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், உப்புச்சத்துக் குறைவு, ஆக்சிஜன் குறைவு, ஏதாவது ஒரு மருந்து, இவற்றில் ஒன்று பின்னால் இருக்கலாம், அதனால் டூட்டி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் கையில் இருப்பது எளிய காரியங்கள்: கண்ணாடியைப் போட்டுவிடுவது, காது மெஷினை மாட்டிவிடுவது, பகலில் ஜன்னல் வெளிச்சம் படும்படி உட்காரவைப்பது, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது. வாதாடக் கூடாது, கையைக் கட்டிப்போடச் சம்மதிக்கவும் கூடாது. அப்புறம், வீட்டு மொழியில் பேசுங்கள். நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு மட்டுமே பேசி வளர்ந்த ஒரு அம்மாவுக்கு அந்த நேரத்தில் கோவை வார்டில் கேட்கும் தமிழ்கூட அந்நியமாக இருக்கலாம். பேத்தி போனில் படுகில் நான்கு வார்த்தை பேசினால் முகம் மாறும்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே கேட்க வேண்டியவை

பில் கட்டும் அவசரத்தில் கேட்டால் பாதி விட்டுப்போகும். முந்தின நாள் ரவுண்ட்ஸிலேயே கேளுங்கள், பதிலை நோட்டில் எழுதுங்கள்.

1. பழைய மாத்திரைகளில் எது தொடர வேண்டும், எது நிறுத்த வேண்டும்? வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து, இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடும் விபத்து சாதாரணமாக நடக்கிறது. பாராசிட்டமால் அப்படித்தான் கூடிப்போகும்: பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், மெலிந்த முதியவர்களுக்கு அதற்கும் கீழே.
2. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையோ ஊசியோ எத்தனை நாள்? அதை நாமாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.
3. தையல் எப்போது பிரிக்க வேண்டும், அதை உதகையிலோ குன்னூரிலோ பிரித்துக்கொள்ளலாமா?
4. எவ்வளவு எடை தூக்கலாம், எப்போது குளிக்கலாம், எத்தனை படி ஏறலாம்?
5. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், ராத்திரியில் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்?
6. எங்கள் வீடு இத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இப்போதே மலை ஏறலாமா?

கடைசிக் கேள்வியை நாம் கேட்டால்தான் உண்டு. சமவெளி டாக்டருக்கு முகவரியில் "கோத்தகிரி" என்று இருப்பது ஒரு ஊரின் பெயர் மட்டும்தான்.

மலைப்பாதையில் என்ன ஆபத்து

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800, குன்னூர் சுமார் 1,850, உதகை சுமார் 2,240. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கோவையோடு பார்த்தால் உதகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் இரண்டு விளைவு.

முதல் விளைவு, மூடிய இடத்தில் இருக்கும் காற்று விரியும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் உதகையில் பலூன் மாதிரி உப்பியிருக்குமே, அதேதான். உடம்புக்குள் சிக்கிய காற்று உதகை போய்ச் சேரும்போது கோவையில் இருந்ததைவிட நான்கில் ஒரு பங்கு பெருத்திருக்கும். குடல் இன்னும் சரியாக இயங்காதவருக்கு வயிறு உப்பி வலிக்கும். நெஞ்சு ஆபரேஷனில் டியூப் எடுத்த பிறகு நுரையீரலைச் சுற்றிக் காற்று மிச்சம் இருந்தால் அது இன்னும் மோசம், எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாதது கண் விஷயம். விழித்திரை ஆபரேஷனில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அது தானாகக் கரைய, வாயுவைப் பொறுத்து, சில வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகும். அந்தக் குமிழியோடு மலை ஏறினால் அது விரிந்து, கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம். விமானத்தில் போகாதீர்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். நம் வீட்டில் யாரும் விமானத்தில் போகப் போவதில்லையே என்று அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம், ஆனால் குன்னூர் பஸ்ஸும் அதே வேலையைத்தான் செய்யும். வாயு வைத்தார்களா, எண்ணெய் வைத்தார்களா என்று கேளுங்கள். வாயு என்றால் அது கரைந்துவிட்டது என்று டாக்டர் சொல்லும் வரை கீழேயே இருந்தாக வேண்டும்.

இரண்டாம் விளைவு, ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவு. பிறந்ததிலிருந்து இங்கே இருப்பவருக்கு அது பழகியதுதான். ஆனால் ஆபரேஷனில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் இறங்கி, நுரையீரலும் முழுக்க விரியாத நிலையில், பழகிய உயரமே சுமையாகிவிடும்.

அதனால் என் கருத்து இது: நெஞ்சு, நுரையீரல், பெரிய வயிற்று ஆபரேஷன் என்றால், முடிந்தவர்கள் டிஸ்சார்ஜ் ஆனதும் அன்றே மலை ஏறாமல், கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ சின்ன வாடகை அறையிலோ, டாக்டர் மறுபடி வரச் சொல்லிப் பார்க்கும் முதல் ரிவ்யூ வரை தங்கிவிடுங்கள். செலவுதான். ஆனால் பிரச்சினை வருவது பெரும்பாலும் முதல் வாரம் பத்து நாளில்தான், அப்போது ஆஸ்பத்திரி இரண்டரை மணி நேரத்தில் இருப்பதற்கும் பக்கத்திலேயே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு விலை போட முடியாது.

ஏறும் நாளன்று: மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும், குன்னூர் வரை 14. வளைவில் வாந்தி வந்தால் தையல் இழுபடும், ஆகவே வாந்தி மாத்திரையை டாக்டரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வயிறு முட்டச் சாப்பிடவைக்காதீர்கள். சீட் பெல்ட்டுக்கும் தையலுக்கும் நடுவே தலையணை. மணிக்கு ஒருமுறை நிறுத்திக் காலை நீட்டி மடக்கட்டும். இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்குத் தாழ்வான கார் ஆகாது. ஏப்ரல், மே சீசனில் சாலையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரும், விடியற்காலையில் கிளம்புவதுதான் வழி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மண் சரியும், கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட வரும் உறவினர் வண்டி வெளி மாவட்டப் பதிவெண் என்றால் இ-பாஸ் வேண்டும்.

வண்டி நிற்கும் இடத்திலிருந்து வீடு வரை இருக்கும் தூரத்தை மறந்துவிடுகிறோம். ஹட்டி என்னும் படுகர் ஊர்களிலும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலும் ரோட்டிலிருந்து ஐம்பது அறுபது படி இறங்கினால்தான் வீடு. கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், மழையில் வழுக்கினால் கால் மடங்கிவிடும். உறுதியான மர நாற்காலி, நான்கு ஆள், யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே வந்த பிறகு

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஜனவரிக் காலையில் பனி பிடித்த விரலில் மாட்டினால் 86 காட்டும், வீடே அலறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, கம்பளிக்குள் ஐந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி பாருங்கள், 93 காட்டலாம். மருதாணி இல்லாத விரலாக இருக்கட்டும். இந்த உயரத்தில் நல்ல உடம்புக்காரருக்கே சமவெளியைவிட ஓரிரு எண் குறைவாகக் காட்டுவது உண்டு, அதனால் "எங்கள் அப்பாவுக்கு எந்த எண்ணுக்குக் கீழே போனால் வர வேண்டும்?" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

குளிருக்கு நாம் செய்வதில் இரண்டு ஆபத்து. ஜன்னல் கதவை அடைத்துவிட்டு அறைக்குள் கரி கணப்பு வைப்பது: கண்ணுக்குத் தெரியாத, வாசனை இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும், ஆளைக் கொல்லும். அடுத்தது வெந்நீர்ப் பை: சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவதே தெரியாது, காலையில் கொப்புளம் இருக்கும். சாக்ஸ், ஸ்வெட்டர், இரண்டு கம்பளி போதும். ஆனால் கம்பளிக்குள்ளேயே நாள் முழுக்கக் கிடக்க விடாதீர்கள், வெயில் வந்ததும் வாசலுக்குக் கூட்டி வாருங்கள். சரிவில் நடக்கவைக்காமல், வீட்டுக்குள் சமதரையில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பல தடவை.

சாப்பாட்டில் பத்தியம்தான் பெரிய எதிரி. முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், பருப்பு வாயு, தயிர் சளி என்று ஒவ்வொன்றாக ஒதுக்கிக் கடைசியில் ரசம் சாதமும் பிரெட்டும்தான் மிஞ்சும். காயம் ஆறப் புரதம் வேண்டும், தசை திரும்ப வரப் புரதம் வேண்டும். டாக்டர் தடுக்காவிட்டால் முட்டை, மீன், கோழி, பால், தயிர் எல்லாம் கொடுக்கலாம். சைவம் என்றால் பருப்பு, சுண்டல், நம் ஊர் அவரைக் குழம்பைக் குழைய வேகவைத்து. ஒரே வேளையில் தட்டு நிறைய வைக்காமல் ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்கு மட்டும் புரதக் கணக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

1. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம்.
2. ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கி வலிப்பது.
3. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்.
4. தையல் இடம் சிவந்து பரவுவது, சீழ், நாற்றம், தையல் விட்டுப் பிரிவது.
5. வாந்தியோடு வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல் இருப்பது, மலம் தார்போலக் கறுத்துப் போவது.
6. ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, புதிதாக வந்த குழப்பம்.

இதில் மலைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று: ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே நேராகப் போக வேண்டும் என்று மூச்சுத் திணறும் ஆளை ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்குவது. முதலில் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு, அது உதகையோ, குன்னூர் லாலி மருத்துவமனையோ, கோத்தகிரியோ, கூடலூரோ. ஆக்சிஜனும் ஊசியும் கிடைத்து நிலைமை கொஞ்சம் பிடிபட்ட பிறகு, 108 வண்டியில் கீழே. அதற்காகத்தான் ஆஸ்பத்திரி எழுதித் தரும் சிகிச்சை விவரமான டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலும் போட்டோவும் வீட்டில் இரண்டு பேர் போனிலாவது இருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத ஹட்டி என்றால் எந்தத் திட்டில் நின்றால் கிடைக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆளும் பணமும்

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்தும் பரிசோதனையும் அதில் எவ்வளவு சேரும் என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே வருவார்கள், சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

ஆள் விஷயத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கூட இருக்கும் வேலை எப்போதும் ஒரு மகள் தலையிலோ மருமகள் தலையிலோ விழுகிறது, மற்றவர்கள் போனில் விசாரிக்கிறார்கள். ஆறு வாரம் ஒரே ஆள் ராத்திரியெல்லாம் விழித்தால் மருந்து நேரம் தவறும், அவர் உடம்பும் படுத்துவிடும். திருப்பூரிலோ பெங்களூருவிலோ இருக்கும் மகன் பணம் அனுப்பினால் மட்டும் போதாது, மாதத்தில் நான்கு ராத்திரி வந்து அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட வேண்டும். பார்க்க வரும் கூட்டத்தையும் முதல் இரண்டு வாரம் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், சளி இருமல் இருப்பவர்கள் வாசலோடு பேசிவிட்டுப் போகட்டும். உதவ நினைக்கும் அக்கம்பக்கத்தாரிடம் கூச்சப்படாமல் ஒரு வேலையைக் கொடுங்கள்: ஒரு வேளைச் சாப்பாடு, விறகு, ஆடு மாட்டைப் பார்ப்பது, ரிவ்யூவுக்குப் போகும் நாளில் வண்டி.

அந்த ரிவ்யூவுக்குப் போகும்போது நோட்டு, சம்மரி, எல்லா மாத்திரை அட்டையும் ஒரே பையில் இருக்கட்டும், காலியான அட்டையும் சேர்த்து.